பன்னிரண்டே காலுக்கு அணையும் சர்வர்

ராஜபாளையம் போகிறேன் என்று தைப்பே அலுவலகத்தில் சொன்னதும், நாய் வாங்கவா என்று கேட்டார்கள். பக்கத்து மேசைக்காரர் நாய்ப் பிரியர். இல்லை, அங்கே ஒரு கணினி வெள்ளிக்கிழமைதோறும் மயங்கி விழுகிறது, ஏன் என்று பார்க்கப் போகிறேன் என்றேன். அதற்கு ஒரு நாயையாவது வாங்கி வரலாமே என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அவருக்கு விளக்கியதை உங்களுக்கும் விளக்கிவிடுகிறேன். சர்வர் என்கிற பெரிய கணினிக்குள் இன்னொரு சின்னக் கணினி உண்டு. பெரியது அணைந்து கிடந்தாலும் சின்னது விழித்திருக்கும். காற்றாடி சுற்றுகிறதா, சூடு ஏறுகிறதா என்று எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும். சூடு எல்லை தாண்டினால் பெரியதின் கழுத்தைப் பிடித்து அணைத்துவிடும். நல்ல மாமியாருக்குரிய எல்லா லட்சணமும் அதற்கு உண்டு. அந்தச் சின்னக் கணினிக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்கிற நிரலைச் சர்வர் கம்பெனிகள் ரகசியமாக வைத்திருக்கும். அதையே உலகத்துக்குப் பொதுவாக, எல்லாரும் படிக்கும்படி எழுதி வைப்பது எங்கள் ஓப்பன் சோர்ஸ் கூட்டத்தின் வேலை. சம்பளம் கிடையாது. சண்டை நிறைய உண்டு.

அந்தக் கூட்டத்தில் ஐந்து மாதமாக ஒரே சண்டை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஆலை ஒன்றில் கம்ப்யூட்டர் பார்க்கும் காஜா மைதீன் என்பவர், வெள்ளிக்கிழமைதோறும் பகல் பன்னிரண்டே காலுக்குத் தன் சர்வர் சூடாகி அணைகிறது என்று எழுதியிருந்தார். கூடவே வரைபடமும் போட்டிருந்தார். சூடு ஏறுகிறது, காற்றாடி வேகமெடுக்கிறது, அதுவரை சரி. ஆனால் காற்றாடி வேகமெடுத்த பிறகு சூடு இன்னும் விறுவிறுவென்று ஏறுகிறது. விசிற விசிற வேர்க்கிறது என்றால் யார் நம்புவார்கள்? நாலு கண்டத்து மூளைகளும் இதில் விழுந்தன. ஒருவர் கூட்டலும் கழித்தலும் இடம் மாறிவிட்டது என்றார். இன்னொருவர் சூரியக் கதிர்வீச்சு என்றார்.

நான் சென்சார் பொய் சொல்கிறது என்றேன். திடீர்ச் சூட்டைப் பொருட்படுத்தாமல் வடிகட்டிவிடும் ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன். இந்தக் கூட்டத்தில் அது என் முதல் பங்களிப்பு. ஜெர்மனியில் இருக்கும் டீட்மார் என்பவர் ஒப்புதல் போட்டால்தான் எதுவும் உள்ளே போகும். என் திருத்தத்தின் மூன்றாம் பதிப்பை, வரிக்கடைசியில் ஒரு வெற்றிடம் இருந்ததற்காகத் திருப்பி அனுப்பினார். ஆறாம் பதிப்பில் குறிப்புரையின் வரி நீளம். மற்றபடி நான் என்ன கேட்டாலும், 'இது இந்தத் திட்டத்தின் வரம்புக்குள் வராது' என்று ஒரே பதில். எட்டாம் பதிப்பைக் காஜா தன் சர்வரில் ஏற்றி, அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கும் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். அணையவில்லை! நான் அலுவலகத்துக்கே அன்னாசி கேக் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டே காலுக்கு அணைந்துவிட்டது.

பதினான்காம் பதிப்பில் டீட்மார் கேட்டார்: "இந்த இயந்திரத்தை யாராவது கண்ணால் பார்த்தீர்களா?" அதே நாளில் காஜா எனக்குத் தனியாக எழுதினார். அடுத்த வெள்ளிக்கிழமையும் அணைந்தால் சர்வரையும் அவரையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டாராம். சென்னையில் சித்தி மகள் நிச்சயதார்த்தத்துக்கு எப்படியும் வருவதாக இருந்தது; அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்து, அது முடிந்ததும் அங்கிருந்தே கிளம்பினேன். காஜாவின் வேலைக்காக என்று வெளியே சொல்லிக்கொண்டாலும், உள்ளுக்குள் என் பதினான்காம் பதிப்புக்காகத்தான் போனேன் என்பதை மறைப்பானேன்.

திங்கட்கிழமை. தைப்பேயில் அடுத்த பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று நிறுத்தத்திலேயே எழுத்து ஓடும். மதுரையில் கேட்டேன். "நிக்கிதுல்ல, ஏறுங்க" என்றார்கள். இதுவும் துல்லியமான தகவல்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டி பத்து நிமிடம் நிற்கும் என்று கண்டக்டர் சொன்னதை நம்பிப் பால்கோவா வாங்க இறங்கினேன். நாலாவது நிமிடத்தில் விசில் கேட்டது. வண்டி போய்விட்டது. பெட்டியும் போய்விட்டது. பெட்டிக்குள்தான் சோதனைப் பலகை, கேபிள், என் மாற்றுத்துணி எல்லாம் இருந்தன. கையில் கால் கிலோ பால்கோவாவோடு அடுத்த வண்டியில் ஏறி, பயத்தில் பாதியைத் தின்றுவிட்டேன். அவ்வளவு பயத்திலும் ருசியாக இருந்தது.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் முன்னால் பெட்டி திறந்து கிடந்தது.

"உங்களுதாம்மா? தொறந்து பாத்துட்டோம், கோவிச்சுக்கிடாதீக. உள்ள வயரும் பச்சைப் பலகையுமா கெடக்கு. கண்டக்டரு போலீஸக் கூப்புடணும்னு நின்னாரு. நாந்தான், கூடவே இட்லிப்பொடி டப்பா இருக்கே, குண்டு வைக்கிறவன் இட்லிப்பொடி கொண்டாருவானாய்யான்னு கேட்டேன்."

என் சித்தியின் இட்லிப்பொடி என் மானத்தைக் காத்தது.

காஜா பைக்கில் வந்திருந்தார். முப்பது வயது இருக்கும், ஒல்லி. ஐந்து மாதமாக ஆங்கிலத்தில் கனகச்சிதமாகக் கடிதம் எழுதிய மனிதர் அவர்தான் என்று நம்ப நேரம் பிடித்தது. "வாங்க மேடம், மொதல்ல சாப்பிட்ருவோம். பொறவு பேசலாம்" என்று புரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போனார். சால்னாவை மூன்றாம் முறை ஊற்றச் சொல்லிவிட்டுத் தன் கதையைச் சொன்னார். பெங்களூரில் யாரோ கழித்துப் போட்ட சர்வரை முதலாளி ஏலத்தில் எடுத்திருக்கிறார். தயாரித்த கம்பெனி அதைக் கைகழுவிவிட்டது. காஜா தானாகவே படித்து எங்கள் ஃபர்ம்வேரைத் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் தயாரித்திருக்கிறார். அதற்கு ஆறு மணி நேரம் ஆகுமாம். அய்யனார் கோவில் மலையில் மேகம் கூடினால் ஊரில் கரண்ட் போய்விடும்.

"நாலு தடவ முக்காவாசியில நின்னுருச்சு மேடம். அஞ்சாவது தடவ மலையப் பாத்துட்டுத்தான் ஆரம்பிச்சேன்."

எங்கள் திட்டத்தின் வழிகாட்டி நூறு பக்கம் இருக்கிறது. அதில் மலையைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி கிடையாது.

செவ்வாய்க்கிழமை ஆலைக்குப் போனேன். உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில் தலையெல்லாம் பஞ்சு. முதலாளி அன்பாக வரவேற்று, காபி வரவழைத்து, யாரிடமோ போனில் தெலுங்கில் பேசினார். எனக்குத் தெலுங்கு தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. "தைவானிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். சம்பளமே வாங்காமல் இந்த வேலை பார்க்கிறாளாம். பாவம், வீட்டில் ஏதோ பிரச்சினை போலிருக்கிறது." என் அம்மாவும் இதையேதான் சொல்கிறாள், தமிழில்.

போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மணிக்குத் தூத்துக்குடி ஹார்பருக்கு ஆறு லாரி லோடு போகணும்மா. சர்வர் படுத்துருச்சுன்னா கேட் பாஸ் அடிக்க முடியாது. லாரியெல்லாம் ரோடு வரைக்கும் நிக்கிது. காஜா நல்ல பையந்தான். நல்ல பையன வச்சு லாரி ஓட்ட முடியாதுல்ல?"

சர்வர் அறை சிறியது. ஏசி ஜில்லென்று இருந்தது. இரண்டு நாள் நான் செய்யாத சோதனை இல்லை. சர்வர் சமர்த்துப் பிள்ளை மாதிரி நடந்துகொண்டது. புதன்கிழமை மத்தியானம் வேறு வழியில்லாமல் முன்பக்க ஜல்லடையைக் கழற்றினேன். உள்ளே பஞ்சு இருக்கும் என்று நினைத்தேன். பஞ்சு இல்லை. மெல்லிசாக வெள்ளைச் சாம்பல் படிந்திருந்தது. மோந்து பார்த்தேன். சாம்பிராணி. குனிந்து பார்த்தால் அலமாரிக்கு அடியில் காய்ந்துபோன எலுமிச்சம்பழங்கள், குங்குமம் தடவினவை, வரிசையாகக் கிடந்தன. எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

காஜா தலையில் கை வைத்தார். "இந்த ரூம் சாவி எங்கிட்ட ஒண்ணு, செல்லத்தாய் அக்காகிட்ட ஒண்ணு, அம்புட்டுதான்."

செல்லத்தாய் ஆபீஸில் டீ கொடுப்பவர், கூட்டிப் பெருக்குபவர், சாமி படங்களுக்குப் பூப் போடுபவர். ஐம்பது வயதுக்கு மேல். அவர் டீ கொண்டு வந்தபோது, காஜா கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். நான் பட்டும் படாமலும், இந்த மெஷினுக்குப் பூஜை உண்டா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பின்ன? வெள்ளிக்கெழம பன்னெண்டு மணிக்கு ராகு காலம் முடியும். முடிஞ்சதும் எல்லா மெஷினுக்கும் சாம்பிராணி காட்டுவேன். இதுக்கு மட்டும் கடைசியா. காஜா தம்பி பள்ளிவாசலுக்குப் போன பொறவுதான் இங்க வருவேன். அவன் இருக்கும்போது காட்டுனா சங்கடப்படுவான்லா? ஒரு வாரம் போகாம இங்கயே உக்காந்திருந்தான். நான் வாசலோட திரும்பிட்டேன்."

என் எட்டாம் பதிப்பு அந்த வாரம்தான்.

"மொதல்ல சும்மா காட்டிட்டுப் போயிருவேன் தாயி. ஒருநா ஏசி ரிப்பேராகி மெஷின் நின்னுபோச்சு. மொதலாளி தம்பியக் கன்னாபின்னான்னு பேசிட்டாரு. பிள்ளகுட்டிக்காரன், வேலைக்கு ஒண்ணு ஆயிட்டா என்ன செய்வான்? அதுலருந்து தூபக்கால மெஷினுக்கு முன்னால வச்சு, செத்த நேரம் கண்ண மூடி நின்னு கும்புடுதேன். என்னமா ஏத்துக்கிடுதுங்கிய! அம்புட்டுப் புகையையும் உள்ள இழுக்கும். உய்யுன்னு சத்தம் போடும், கங்கு தகதகன்னு செவக்கும். பொறவு சாமி மலையேறுன மாதிரி அடங்கிரும். எடையில கூமாப்பட்டிக்கு மக வீட்டுக்குப் போயி ஒரு வாரம் விட்டுப்போச்சு. மனசே கேக்கல."

கூமாப்பட்டி வாரம் என் ஐந்தாம் பதிப்பு. அந்த வாரமும் அணையவில்லை, அதற்கும் நான் நண்பர்களுக்குத் தகவல் அனுப்பியிருந்தேன்.

எல்லாம் விளங்கிவிட்டது. கங்குச் சூட்டில் சென்சார் எச்சரிக்கும், காற்றாடி வேகமாக இழுக்கும், இழுத்த காற்றில் கங்கு இன்னும் சிவக்கும். சென்சார் பொய் சொல்லவில்லை. ஃபர்ம்வேரில் குற்றம் இல்லை. குற்றம் இல்லாத ஒன்றுக்கு நான் பதினான்கு முறை வைத்தியம் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது. செல்லத்தாய் போனதும் உள்ளே வந்த காஜாவிடம், இப்போதே அவரிடம் சொல்லிவிடலாம் என்றேன்.

காஜாவின் கண் கலங்கியிருந்தது. "வேண்டாம் மேடம். எனக்காகச் செய்யிதாக. அவியளாலதான் என் வேலை போகப் பாத்துச்சுன்னு தெரிஞ்சா அக்கா தாங்க மாட்டாக. நீங்க எதுவும் சொல்லக் கூடாது. நான் பாத்துக்கிடுதேன்."

நாளை மறுநாள் வேலை போகப்போகிறவர் பேசுகிற பேச்சா இது? ஆனாலும் சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை காலையில் காஜா டேப் வைத்து அறையை அளந்தார். சர்வருக்கு எதிர்ச் சுவர் ஏழடி தள்ளி இருந்தது. பிறகு என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போனார். கோவில் பக்கத்துப் படக்கடையில் அரை மணி நேரம் ஆண்டாள் படங்களைப் புரட்டினார். இது சின்னது, இதில் கிளி சரியாகத் தெரியவில்லை, இந்தச் சட்டம் ஏசி ஈரத்துக்கு உப்பிவிடும் என்று ஒவ்வொன்றையும் தள்ளினார். டீட்மாரே தோற்றார்.

கடைக்காரர் கேட்டார்: "வீட்டுக்காய்யா, கடைக்கா?"

"சர்வர் ரூமுக்கு. அக்கா கண்ண மூடிக் கும்புடணும்னா எதிர்ல சாமி இருக்கணும்ல. மெஷினப் பாத்துக் கும்புட்டா எப்பிடி?"

"நியாயந்தான். ஆணி இருக்கா, தரட்டுமா?"

வருகிற வழியில் மறுபடியும் பால்கோவா வாங்கினோம். பாலும் சீனியும்தான் என்று செய்முறையைக் கேட்டவருக்கெல்லாம் சொல்கிறார்கள். அப்புறமும் கடைக்குக் கடை கூட்டம் நிற்கிறது. ஓப்பன் சோர்ஸ் பற்றி நான் தைப்பேயில் கொடுத்த மூன்று சொற்பொழிவுகளையும் அந்தத் தெருவில் யாரும் கேட்டிருக்கத் தேவையில்லை. பேருந்தில் காஜா படத்தை மடியில் நிறுத்தி, கண்ணாடி உடையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணிக்குக் காஜா லேப்டாப்பை என்னிடம் கொடுத்துவிட்டுத் தொழப் போனார். எதிர்ச் சுவரில் ஆண்டாள், படத்துக்கு அடியில் தூபக்கால் வைக்க ஒரு சின்ன முக்காலி. வெளியே ஆறு லாரிகள். பன்னிரண்டே காலுக்குச் செல்லத்தாய் புகையோடு வந்தார். படத்தைப் பார்த்ததும் நின்றார்.

"அட, கிளியோட! யாரு மாட்டுனது?"

"காஜா வாங்கி வந்தார்."

"காஜாவா?" என்று ஒரு கணம் திகைத்தார். பிறகு ஆண்டாளுக்குப் பய பக்தியோடு மூன்று சுற்றுக் காட்டினார். நான் மூச்சு விட்டேன். விட்ட மூச்சு வெளியே வருவதற்குள் அவர் பழக்கம்போலத் திரும்பி, சர்வருக்கு நேர் முன்னால் தூபக்காலை வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். முக்காலி சும்மா நின்றது.

திரையில் சூடு முப்பத்தொன்று. முப்பத்தாறு. காற்றாடி உய்யென்றது. நாற்பது. நாற்பத்தேழில் அணைந்துவிடும். வாயைத் திறந்தால் கொடுத்த வாக்கு போகும், திறக்காவிட்டால் காஜாவின் வேலை போகும். நாற்பத்திரண்டு. எனக்கு வேர்த்துவிட்டது.

செல்லத்தாய் கண்ணைத் திறந்தார். "ஏந்தாயி மூஞ்சி இப்பிடிப் போகுது?" என்று என் பக்கத்தில் வந்து திரையைப் பார்த்தார். "இது என்ன நம்பரு, ஏறிக்கிட்டே போகுது?"

அவர் என்னைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார், தூபக்காலைப் பார்த்தார். போய் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றார். நம்பர் இறங்கியது. மறுபடி கொண்டுபோய் வைத்தார். ஏறியது. எடுத்தார். இறங்கியது. நாலு கண்டத்தில் ஒருவரும் ஐந்து மாதமாகச் செய்யாத சோதனையை அவர் இரண்டு நிமிடத்தில் செய்து முடித்துவிட்டார்.

"அஞ்சு மாசமா நானா?"

தூபக்காலோடு அப்படியே நின்றார். புகை அவர் முகத்தில் அடித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, புகையால்தான் என்று நானும் வைத்துக்கொண்டேன். பிறகு எதிர்ச் சுவரையும் முக்காலியையும் பார்த்தார்.

"அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் படம் வாங்கி மாட்டிருக்கான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தூபக்காலை முக்காலியில் மெதுவாக வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவங்கிட்டச் சொல்லிறாதீக தாயி. என்னைக் காப்பாத்திட்டோம்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். அப்பிடியே இருக்கட்டும்."

அதற்கும் வாக்குக் கொடுத்தேன். ஒரே வாரத்தில், ஒரே அறையில், இரண்டு பேருக்கு.

ஒரு மணிக்குக் கேட் பாஸ் கடகடவென்று அச்சானது. லாரிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. முதலாளி சர்வர் அறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். படத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியாப்பா, சாமி படம் வந்துச்சு, மெஷின் சரியாயிருச்சு."

"ஆமா சார்" என்றார், தொழுகை முடித்து அப்போதுதான் வந்த காஜா. "எல்லாம் அக்கா பூஜைதான்."

"பூஜையெல்லாம் இல்ல சார், தம்பி என்னமோ மருந்து வச்சு சரி பண்ணிருக்கான்" என்றார் செல்லத்தாய்.

"யாரு பண்ணா என்ன? காஜா, இதே மாதிரி பழைய சர்வர் இன்னொண்ணு வருது. அதையும் நீயே பாத்துக்கிடு" என்று சொல்லிவிட்டு முதலாளி போனார். காஜா என்னைப் பார்த்துச் சிரித்தார். செல்லத்தாயும் என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு ரகசியத்துக்கும் நடுவில் நான் பால்கோவா தின்றேன்.

தைப்பே திரும்பியதும் பதினான்காம் பதிப்பை வாபஸ் வாங்கினேன். காஜா வழிகாட்டிக்கு ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினார்: சர்வரின் முன்பக்கம் ஐந்தடிக்குள் சூடான எதையும் வைக்கக் கூடாது. சோதித்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருந்தார். அங்கே இருக்கவேண்டிய பெயர் எனக்குத் தெரியும். எங்கள் திட்டத்தில் எல்லாமே பகிரங்கம், ஒவ்வொரு எழுத்தையும் உலகம் படிக்கலாம் என்று மேடை மேடையாகப் பேசியவள் நான். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

டீட்மாருக்குக் காரணம் வேண்டுமே. வெள்ளிக்கிழமை, ராகு காலம், சாம்பிராணி, கங்கு, காற்றாடி என்று, செல்லத்தாய்க்குத் தெரிந்துபோனதை மட்டும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் முழுக்கப் படித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏன் யாரும் அந்தப் பெண்மணியிடம் நேரடியாகச் சொல்லவில்லை?"

ஒரு பதில் எழுதினேன், நீளமாகப் போனது, அழித்தேன். இன்னொன்று எழுதினேன், அழித்தேன். கடைசியில் அவர் எனக்குப் பதினான்கு பதிப்புகளாகச் சொல்லிக்கொடுத்த வரியையே திருப்பி அனுப்பினேன்.

"அது இந்தத் திட்டத்தின் வரம்புக்குள் வராது."

ஐந்து நிமிடத்தில் ஒப்புதல் போட்டுவிட்டார்.